செவிவழி வரும் சொல்: ஜப்பானியரின் ஆங்கிலக் கல்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



மொழித்துறை மேடையில் ஒருவர் ஜப்பானைப் பற்றிப் பேச வந்தால் பேராசிரியர் சுசுமு ஓனோவைத்தான் பேசப் போகிறார் என்று அவை எதிர்பார்க்கும். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று அவர் வாதாடியதும், அதை மறுத்து எழுந்த குரல்களும் நீங்கள் அறிந்தவை. நான் இன்று அந்தப் பக்கம் போகவில்லை. நம் எல்லோருக்கும் பழக்கமான ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் மாணவர் அகராதியை இந்த அவையில் புரட்டாதவர் இருக்க மாட்டார்கள். ஹார்ன்பி அகராதி என்று நம் ஆசிரியர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தில் பிறந்த புத்தகம் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். அது பிறந்தது ஜப்பானில். 1924இல் ஓயித்தா என்ற ஊருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஏ. எஸ். ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்பதை வகுப்பறையில் கண்டு, அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்தாகவே, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோரையும் சேர்த்துக்கொண்டு அதைத் தொகுத்தார். தோக்கியோவின் கைத்தாகுஷா பதிப்பகம் 1942இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், அதை வெளியிட்டது. 1948இல்தான் ஆக்ஸ்போர்டு அதை எடுத்து மறுபதிப்புச் செய்தது. ஜப்பானிய மாணவனின் ஐயங்களுக்காக எழுதப்பட்ட விடைகளை வைத்துக்கொண்டு நாமும் ஆங்கிலம் படித்திருக்கிறோம். ஆகவே ஜப்பானியரின் ஆங்கிலக் கல்வி நமக்குத் தொலைவில் உள்ள செய்தி அன்று.

ஒலியியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் சொல்ல வந்தது ஒன்றே. சொல்லை ஒரு பாடமாகவும் அதன் ஒலியை வேறொரு பாடமாகவும் பிரித்ததுதான் ஜப்பானில் ஆங்கிலம் கற்பவருக்கு நேர்ந்த பெரிய இடர். சொல்லும் ஒலியும் செவிவழியாக ஒருசேர நுழைந்த இடங்களில் அவர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். ஜப்பானியருக்கு நாக்கு புரளாது என்று சொல்வது அறியாமை. இக்கருத்தை ஆறு பகுதிகளாக விரிக்கிறேன்.

1. கண் ஒரு வழி, காது ஒரு வழி

1808 அக்டோபரில் ஃபீட்டன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு நாகசாகித் துறைமுகத்துக்குள் புகுந்தது. தடுக்க வழியில்லாமல் போன பழியை ஏற்று நாகசாகியின் ஆளுநர் மத்சுதைரா யசுஹிதே உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகே ஷோகுன் அரசு, அங்கிருந்த டச்சு மொழிபெயர்ப்பாளர்களை ஆங்கிலமும் படிக்குமாறு பணித்தது. சொல்லிக்கொடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான். 1814இல் முதல் ஆங்கில-ஜப்பானிய அகராதி கையெழுத்துப் படியாக முடிந்தது. ஆங்கிலேயர் ஒருவரிடம் பாடம் கேட்காமலேயே ஓர் ஆங்கில அகராதி உருவாகிவிட்டது. பின்னால் வந்த இடர்களுக்கெல்லாம் வித்து இங்கே விழுந்தது.

காதுவழி ஆங்கிலம் 1848இல் வந்தது. ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் வட அமெரிக்கப் பழங்குடித் தாய்க்கும் பிறந்த ரானல்டு மெக்டொனால்டு என்ற இளைஞர், கப்பல் கவிழ்ந்து கரையேறியவர்போல வடக்கே ரிஷிரித் தீவில் வேண்டுமென்றே வந்திறங்கினார். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். காவலில் இருந்தபடியே 14 மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவர் ஆங்கிலம் கற்பித்தார். அவர்கள் உரக்கப் படிப்பார்கள். அவர் உச்சரிப்பைத் திருத்துவார். லகரம் அவர்கள் வாயில் ரகரமாகிறது என்றும், மெய்யில் முடியும் சொல்லின் கடைசியில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்கிறது என்றும் அவர் எழுதி வைத்தார். இன்று ஒலியியல் ஆய்வுக்கூடங்கள் கருவிகொண்டு அளப்பதை அவர் வெறும் காதால் பிடித்துவிட்டார். அவரிடம் படித்த மொரியாமா எய்னொசுகே, சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் தளபதி பெரியுடன் நடந்த பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். வழி சரியாக இருந்தால் எவ்வளவு விரைவில் பலன் கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மன்ஜிரோ என்ற மீனவச் சிறுவன் கதை இன்னும் வியப்பானது. 1841இல் புயலில் சிக்கித் தீவொன்றில் ஒதுங்கியவனை அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் விட்ஃபீல்டு காப்பாற்றி, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபேர்ஹேவனுக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்தார். 1851இல் நாடு திரும்பிய மன்ஜிரோ 1859இல் ஓர் ஆங்கில உரையாடல் நூல் எழுதினார். அச்சில் இருந்த எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்க்கவில்லை. தம் காதில் விழுந்தது விழுந்தபடி ஜப்பானிய எழுத்தில் பதிந்தார்.

அதே 1859இல் யோக்கொஹாமாவுக்குப் போன ஃபுகுசாவா யுகிச்சி, தாம் பாடுபட்டுப் படித்த டச்சு மொழியால் கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியவில்லை என்று கண்டு, அகராதியைத் துணைகொண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். பெரும்பான்மையோர் பின்பற்றியது இந்த வழியைத்தான். மெய்ஜி காலத்தில் உச்சரிப்பைப் பொருட்படுத்தாமல் பொருள் மட்டும் காணும் கல்விக்கு 'ஹென்சொக்கு' என்றும், ஒலியோடு கற்பதற்கு 'செய்சொக்கு' என்றும் பெயரிட்டே வேறுபடுத்தினார்கள். மேலைநாட்டு அறிவு அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் முன்னது வென்றது. அதைக் குறைசொல்ல நான் துணிய மாட்டேன். ஒரு நாடே அதனால் சில பத்தாண்டுகளில் நூலறிவு பெற்று எழுந்தது. அவசரம் தீர்ந்த பிறகும் அந்த வழியை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் தவறு.

இரு வழிகளின் தடமும் ஜப்பானியச் சொற்களில் இன்றும் தெரிகிறது. 1867இல் ஜப்பானிய-ஆங்கில அகராதி வெளியிட்ட அமெரிக்க மருத்துவர் ஹெப்பர்ன், ஜப்பானில் 'ஹெபொன்'. நடிகை ஆட்ரி ஹெப்பர்னோ 'ஹெப்புபான்'. பெயர் ஒன்றே. மருத்துவரின் பெயரைக் காது எழுதியது. நடிகையின் பெயரைக் கண் எழுதியது. லெமனேடு 'ரமுனே' ஆனதும், தையல் மெஷின் 'மிஷின்' ஆனதும், அமெரிக்கன் 'மெரிகென்' ஆனதும் காது செய்த வேலை. ஆங்கிலேயர் முன்னால் சொல்லிப் பார்த்தால் இந்தப் பழைய வடிவங்களில் சில, புதிய வடிவங்களைவிட எளிதாகப் புரியும்.

2. ஓரசை ஐந்தாகும் விதம்

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' ஓரசைச் சொல். உயிர் ஒன்றுதான், அதற்கு முன்னால் மூன்று மெய்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஜப்பானியர் வாயில் அது சு-தொ-ர-இ-கு என ஐந்து துண்டாகிறது. மெக்டொனால்டு உணவகம் ம-கு-தொ-ந-ரு-தொ என ஆறாகிறது.

தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜப்பானியம் மாத்திரை எண்ணிப் பேசும் மொழி. ஹைக்கூவின் 5-7-5 மாத்திரைக் கணக்கே. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஏறத்தாழ ஒரு கானா எழுத்து. அந்த எழுத்து உயிராகவோ உயிர்மெய்யாகவோ இருக்கும். தனித்து நிற்கும் உரிமை மூக்கொலி ஒன்றுக்குத்தான். ஆகவே ஆங்கில மெய் தனியாக வந்தால் அதற்கு ஓர் உயிரைத் துணை சேர்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் உகரம் சேரும். டகரத்தின் பின் ஒகரம், 'பெஞ்ச்' என்பதில் வரும் சகரத்தின் பின்னும் ஜகரத்தின் பின்னும் இகரம். வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத நாமும் 'பஸ்ஸு', 'பெஞ்சு' என்கிறோம். இந்தப் பழக்கத்தை இழிவாகப் பார்க்கும் தகுதி நமக்கு இல்லை.

உயிர் சேர்வது வாயில் மட்டும் என்றால் பயிற்சியால் போக்கிவிடலாம். அது காதிலேயே சேர்ந்துவிடுகிறது என்பதை 1999இல் இமானுவேல் துப்பூவும் அவருடைய ஆய்வுத் தோழர்களும் காட்டினார்கள். 'எப்சோ' போன்ற பொருளற்ற ஒலித்தொடர்களைப் பிரெஞ்சுக்காரருக்கும் ஜப்பானியருக்கும் கேட்கக் கொடுத்தார்கள். பகரத்துக்கும் சகரத்துக்கும் நடுவில் உகரம் இல்லாதபோதும் ஜப்பானியர் அங்கே உகரம் இருப்பதாகக் கேட்டார்கள். பிரெஞ்சுக்காரர் கேட்கவில்லை. இல்லாத உயிரைக் காது தானே படைத்துக்கொள்கிறது. அப்படியிருக்க, "அந்த உகரத்தைச் சொல்லாதே" என்று மாணவனைக் கண்டித்து என்ன பயன்? தான் சொல்வதும் ஆசிரியர் சொல்வதும் ஒன்றுதான் என்று அவன் மனமார நம்புகிறான்.

வழி அவன் தாய்மொழிக்குள்ளேயே இருக்கிறது. இங்குள்ள மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியத்தில் வல்லொலிகளுக்கு இடையில் நிற்கும் இகர உகரங்கள் குரலை இழந்து வெறும் மூச்சாகிவிடுகின்றன. நம் குற்றியலுகரத்தைவிடக் குறுகிய நிலை அது. 'தெசு' என்று எழுதுவதைத் தோக்கியோக்காரர் 'தெஸ்' என்றே முடிப்பார். 'சுகி' என்றால் பிடிக்கும் என்று பொருள். தொண்டைமேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அதைச் சொல்லும்படி ஒரு ஜப்பானிய மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். முதல் எழுத்துக்கு விரலில் அதிர்வு தட்டாது; கடைசி இகரத்தில்தான் தட்டும். அதாவது சகரத்தையும் ககரத்தையும் அவள் ஒட்டியே சொல்கிறாள், ஆங்கிலத்துப் பனிச்சறுக்கு 'ஸ்கீ'யில் வருவதைப்போல. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த ஒலியை விரலால் தொட்டு உணர்ந்துவிட்டால், 'ஸ்கை', 'ஸ்கூல்', 'டெஸ்க்' என்று அடுத்தடுத்துப் போகலாம். இல்லாத ஒன்றைப் புகுத்துவதைவிட இருப்பதை எடுத்துக்காட்டும் ஆசிரியரே எனக்கு உயர்ந்தவராகத் தெரிகிறார்.

3. ரகரமும் லகரமும்: காதைத் திருத்தினால் நாக்கு திருந்தும்

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். இதுபற்றி நடந்த ஆய்வு இருபதாம் நூற்றாண்டு ஒலியியலின் நல்ல பக்கங்களில் ஒன்று.

ல, ள, ழ, ர, ற என்று ஐந்தை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மொழி நடப்பது வியப்பாக இருக்கும். ஜப்பானியத்தில் இருக்கும் ஒரே ஒலி, நாக்கு நுனி மேலண்ணத்தை ஒருமுறை தட்டி விலகுவது. நம் 'மரம்' என்ற சொல்லின் ரகரத்துக்கு நெருங்கியது. வலம், வெளிச்சம், எழுது என்ற மூன்று பொருளில் வரும் மூன்று ஆங்கிலச் சொற்களும் அதனால் 'ராய்தொ' என்ற ஒரே வடிவில் அடங்கிவிடுகின்றன.

1971இல் கோத்தோ வெளியிட்ட ஆய்வு பலரை உலுக்கியது. ஆங்கில ரகர லகரங்களைச் சரியாகவே உச்சரிக்கக்கூடிய ஜப்பானியர் சிலர், பிறர் சொன்னதைக் கேட்டு இரண்டையும் பிரித்தறிய முடியாமல் திணறினார்கள். தம் சொந்தக் குரலின் பதிவைக் கேட்டபோதும் அப்படியே. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். காது அந்த வேறுபாட்டை ஏற்கவே இல்லை.

இது பிறவிக் குறையா? அப்படி இல்லை என்பதைப் பட்ரீஷியா கூலின் குழுவினர் 2006இல் தெளிவாக்கினார்கள். ஆறு முதல் எட்டு மாதமான ஜப்பானியக் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளுக்கு நிகராக ரகர லகரங்களைப் பிரித்தறிந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அமெரிக்கக் குழந்தைகளின் திறன் ஏற, ஜப்பானியக் குழந்தைகளின் திறன் இறங்கியது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே காது தாய்மொழிக்குப் பொருந்திவிடுகிறது. பால் ஐவர்சனும் பிறரும் 2003இல் காரணத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஆங்கில ரகரத்தையும் லகரத்தையும் பிரிப்பது ஒலியின் மூன்றாவது ஒத்ததிர்வுப் பட்டை. ஜப்பானியக் காது அதை விட்டுவிட்டு இரண்டாவது பட்டையையே கவனிக்கிறது. காது கூர்மையாகத்தான் இருக்கிறது. வேறிடத்தில் கவனம் வைத்திருக்கிறது.

கவனத்தை மாற்ற முடியுமா? 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் செய்து காட்டினார்கள். முந்தைய பயிற்சிகளில் பெரும்பாலும் கருவி உண்டாக்கிய ஒரே வகை ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். இவர்கள் பல மனிதர்களின் இயல்பான குரல்களைப் பதிவு செய்தார்கள். சொல்லின் முதலில், இடையில், கடையில், மெய்க்கூட்டத்தில் என்று பல இடங்களில் அந்த ஒலிகள் வரும் 68 சொல் இணைகளை எடுத்தார்கள். கேட்பவர் இரண்டில் எது என்று சொல்ல வேண்டும். சரியா தவறா என்று உடனே தெரிவிக்கப்படும். கேட்டறியும் திறன் உயர்ந்தது. பயிற்சியில் கேட்டிராத குரல்களுக்கும் அந்த உயர்வு ஓரளவு பரவியது.

1997இல் ஆன் பிராட்லோவும் ஜப்பானிய ஆய்வாளர்களும் அடுத்த படி ஏறினார்கள். 11 ஜப்பானியருக்கு 45 அமர்வுகள். சரியாக அறிந்தவை 65 விழுக்காட்டிலிருந்து 81 ஆயின. இதைவிடப் பெரிய செய்தி வேறு. அந்த அமர்வுகளில் பேசும் பயிற்சி எதுவும் இல்லை; கேட்டல் மட்டும்தான். ஆனாலும் அவர்கள் சொன்ன சொற்களை அமெரிக்கர்களிடம் போட்டுக் காட்டியபோது உச்சரிப்பும் தெளிவடைந்திருந்தது தெரிந்தது. காதுக்குக் கொடுத்த மருந்து நாக்கில் வேலை செய்தது. என் கருத்துக்கு இதைவிடப் பெரிய துணை எனக்கு வேண்டியதில்லை. அவர்கள் குழந்தைகள் அல்லர், வளர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயது கடந்துவிட்டது, இனி வராது என்று வகுப்பறையில் சொல்லப்படும் தீர்ப்பு செல்லாது.

இதில் அளவும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயனைப்போலவே பேசுவது எவருக்கும் குறிக்கோளாக வேண்டியதில்லை. ஆங்கிலம் பிறமொழியாளர் பலர் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியாகிவிட்டது. அப்படிப் பேசும்போது எந்த ஒலி தவறினால் பொருள் கெடுகிறது என்று ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் ஆராய்ந்து எழுதினார். நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஆங்கில ஒலிக்காக மாணவர் உயிரை வாங்க வேண்டாம். மெய்க்கூட்டமும் உயிரின் நெடிலும் குறிலும் முதன்மையானவை என்பது அவர் முடிவு. நெடில் குறிலில் ஜப்பானியருக்குப் பயிற்சியே வேண்டாம். 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஒரு மாத்திரையில் உறவே மாறும் மொழியில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

4. சொற்களஞ்சியம்: பாதிச் செல்வம் கையில்

தோக்கியோ ரயிலில் தேர்வுக்குப் படிக்கும் மாணவரைப் பார்த்தால் கையில் இரண்டு பொருள்களில் ஒன்று இருக்கும். ஒன்று, மூலையில் துளையிட்டு வளையத்தில் கோத்த சிறு அட்டைக் கட்டு. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல். புரட்டினால் ஜப்பானியப் பொருள். மற்றொன்று, பொருளைச் சிவப்பு மையில் அச்சிட்ட சொற்பட்டியல் நூலும் அதன்மேல் வைக்கும் சிவப்புக் கண்ணாடித்தாளும். தாளை வைத்தால் சிவப்பெழுத்து மறைந்துவிடும்; நினைவுகூர்ந்து சொல்லிவிட்டுத் தாளை நகர்த்திச் சரிபார்க்கலாம். நினைவைச் சோதிக்க இது மிக நல்ல உத்தி. அகாவோ யொஷியோவின் கையடக்கச் சொல்நூல் 1935இல் வந்தது. தேர்வில் அடிக்கடி வரும் சொற்களை முன்னிறுத்திய மொரி இச்சிரோவின் நூல் 1967இல் வந்தது. தலைமுறை தலைமுறையாக இந்நூல்களைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். உழைப்பில் அவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த அட்டையின் இரண்டு பக்கத்திலும் ஒலி இல்லை. கண்ணுக்குத் தெரிந்த சொல் பேச்சில் எதிரே வரும்போது அடையாளம் தெரியாமல் கடந்துபோகிறது. அந்தச் சொல்லைப் பாதிதான் கற்றிருக்கிறார் என்பேன்.

ஜப்பானியப் பாடத்திட்டம் இப்போது தொடக்கப்பள்ளியில் 600 முதல் 700 சொற்கள், நடுநிலைப்பள்ளியில் 1,600 முதல் 1,800, உயர்நிலைப்பள்ளியில் 1,800 முதல் 2,500 என்று வகுத்திருக்கிறது. மொத்தம் 4,000 முதல் 5,000. முன்பு 3,000 ஆக இருந்தது. சொற்களஞ்சிய ஆய்வில் முன்னோடியான பால் நேஷனின் கணக்குப்படி, துணையின்றி நாவலோ நாளிதழோ படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிந்த வடிவங்களும் ஒரு குடும்பம்) வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும். இடைவெளி பெரிதுதான். அட்டைக்கட்டால் மட்டும் அதைத் தாண்ட முடியாது. மாணவர் நிலைக்கேற்ப எளிதாக்கிய கதைநூல்களைக் குவித்துப் படிக்கும் விரிவாசிப்பு இயக்கம் ஜப்பானில் வலுவாக வேரூன்றியிருப்பது நல்ல அறிகுறி. அந்நூல்களை ஒலிப்பதிவோடு சேர்த்துப் படித்தால் இரட்டைப் பயன்.

இங்கே ஒரு புதையல் கிடக்கிறது. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 3,000 சொற்குடும்பங்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஜப்பானியத்தில் கடன்சொல் வடிவம் உண்டு என்று ஃபிராங்க் டால்ட்டன் 2008இல் ஒரு நூலில் நிறுவினார். பள்ளிக்கு வரும்போதே மாணவன் இத்தனை ஆங்கிலச் சொற்களை, கடன்சொற்களை எழுதும் கத்தக்கானா எழுத்தின் உடையில், கொண்டுவருகிறான். கத்தக்கானா ஆங்கிலத்தைக் கெடுக்கிறது என்று அவற்றை ஒதுக்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. புதுச்சொல் கற்பதில் பாதிச் சுமை பொருளை நினைவில் வைப்பது. அது ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஒலியை மட்டும் மீட்டால் போதும். 'மிருக்கு' என்பதை அதன் ஆங்கில ஒலியோடு அடுத்தடுத்துக் கேட்கவைத்து, எத்தனை அசை, எங்கே அழுத்தம் என்று எண்ணச் செய்தால், பழகிய சொல் ஒவ்வொன்றும் உச்சரிப்புப் பாடமாகிவிடும். இருக்கைக்கும் விரிப்புக்குமான 'சீட்', 'ஷீட்' இரண்டும் ஜப்பானியத்தில் 'ஷீத்தொ' ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒரே நேரத்தில் சொல்லும் பெருகும், ஒலியும் பிரியும்.

பொருள் மாறிய சொற்களில் எச்சரிக்கை தேவை. 'மன்ஷொன்' மாளிகை அன்று, அடுக்குமாடிக் குடியிருப்பு. 'கன்னிங்கு' தேர்வில் பார்த்து எழுதுவது. 'குரேமு' வாடிக்கையாளர் முறையீடு. இவை ஒரு நீண்ட பட்டியல், பட்டியலாகவே கற்பித்துவிடலாம்.

5. வானொலி தந்த பாடம்

போர்க்காலத்தில் ஆங்கிலம் பகைவர் மொழியாயிற்று. பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் சொல்லும் 'ஸ்ட்ரைக்' கூட ஜப்பானியச் சொல்லுக்கு இடம்விட்டது. போர் முடிந்த சில வாரங்களில், 1945 அக்டோபரில், 32 பக்கத்தில் ஓர் ஆங்கில உரையாடல் கையேடு வந்தது. 36 இலட்சம் படிகள் விற்றன. பசித்திருந்த நாடு சொற்களுக்கும் பசித்திருந்தது.

1946 பிப்ரவரியில் ஹிரகாவா ததாயிச்சி வானொலியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார். இளமையில் அமெரிக்கா சென்று, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜப்பானியக் குழந்தைப் பாட்டின் மெட்டில் ஆங்கில வரிகளை அமைத்து நிகழ்ச்சியின் முகப்பிசையாக்கினார். வாரநாள்களில் தினமும் 15 நிமிடம். இலக்கண விதிகள் அல்ல. வீட்டில் தாயும் பிள்ளையும் பேசும் பேச்சு. குழந்தை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பேசுகிறதோ அப்படிக் கற்கச் சொன்னார். நாடெங்கும் கேட்பவர்கள் குழுவாகக் கூடிப் பயின்றார்கள். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த நிகழ்ச்சியை மையமாக வைத்து ஜப்பானிய ஒளிபரப்புக் கழகம் ஒரு தொடர் நாடகம் எடுத்தது என்றால், அந்த 15 நிமிடம் மக்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

ஹிரகாவாவுக்கு முன்பே ஹரால்டு பால்மர் இதைச் சொன்னார். 1922இல் ஜப்பான் வந்து, மறு ஆண்டு தோக்கியோவில் ஆங்கிலக் கல்வி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். வாய்மொழியே முதல், எழுத்து பின் என்பது அவர் கொள்கை. 1936இல் அவர் நாடு திரும்பும்வரை அதற்காகப் போராடினார். அவருடைய நிறுவனத்தில் சொற்பட்டியல் ஆய்வில் கைகொடுத்தவர்தான் நான் தொடக்கத்தில் சொன்ன ஹார்ன்பி. வகுப்பறைகளில் பால்மருக்கு முழு வெற்றி கிட்டவில்லை. நுழைவுத்தேர்வு வேறொன்றைக் கேட்டது.

இன்று ஜப்பானில் பரவலாக இருக்கும் ஷேடோயிங் பயிற்சி இவர்களின் வழித்தோன்றல் என்றே கொள்ளலாம். உடனுக்குடன் மொழிபெயர்ப்போர் பழகும் முறை அது. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓரிரு சொல் பின்னால், நிறுத்தாமல் கூடவே சொல்லிப் போக வேண்டும். கத்தக்கானாவில் மாற்றிக்கொள்ள நேரம் கிடைக்காது. ஒவ்வொரு மெய்க்கும் உயிர் சேர்த்தால் பதிவு ஓடிப்போய்விடும். எங்கே அழுத்துவது, எங்கே விழுங்குவது என்பது தானாகப் பிடிபடும். பொருள் தெரிந்த, எளிய பகுதியை எடுத்துச் செய்தால்தான் பயன். கடினமான பகுதியை எடுத்தால் வெறும் முணுமுணுப்பாகிவிடும்.

6. தேர்வு எதைக் கேட்கிறதோ அதுவே கல்வி

ஜப்பானிய நுழைவுத்தேர்வில் பல ஆண்டுகள் உச்சரிப்புக்கென்றே வினாக்கள் இருந்தன. நான்கு சொற்கள் அச்சிட்டிருக்கும். அடிக்கோடிட்ட பகுதியின் ஒலி எந்தச் சொல்லில் வேறுபடுகிறது என்று காண வேண்டும். விடை பென்சிலால் வட்டத்தை நிரப்புவது. ஒரு மாணவன் வாயைத் திறக்காமலும் எதையும் கேட்காமலும் உச்சரிப்பில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பிழையின் முழு வடிவமும் அந்த ஒரு வினாவில் இருந்தது.

மாற்றம் மெதுவாக வந்தது. 2006இல் கேட்டல் தேர்வு சேர்ந்தது. 2021இல் தொடங்கிய புதிய பொதுத்தேர்வில் அந்த உச்சரிப்பு வினாக்கள் நீக்கப்பட்டு, படித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சம மதிப்பெண் ஆயிற்று. இது பெரிய திருப்பம். மாணவர் காதுக்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். 2020 முதல் தொடக்கப்பள்ளியின் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகியிருப்பதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பேச்சு மட்டும் வெளியே நிற்கிறது. தனியார் தேர்வுகள்வழிப் பேசும் திறனையும் அளந்து சேர்க்கும் திட்டம் இருந்தது. கட்டணமும் தேர்வு மையங்களின் தொலைவும் சிற்றூர் மாணவரையும் ஏழை மாணவரையும் பாதிக்கும் என்ற எதிர்ப்பு எழுந்து, 2019 நவம்பரில் அது ஒத்திவைக்கப்பட்டது, 2021இல் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதுதான். அரசே ஏற்று, கட்டணமில்லாமல் நடத்தும் பேச்சுத்தேர்வு ஒன்றே இதற்கு விடை. தோக்கியோ பெருநகரம் 2022 முதல் நடுநிலைப்பள்ளி மாணவருக்கு அப்படியொன்றைத் தொடங்கியிருக்கிறது. குறைகள் சொல்லப்படுகின்றன, திருத்திக்கொண்டு தொடர வேண்டும் என்பதே என் கருத்து.

நிறைவாக, இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிராட்லோ குழுவினர் ஜப்பானியருக்குச் செய்ததைத் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகளுக்குச் செய்து பாருங்கள். ஆங்கிலத்தின் பகர பேதம், சகர பேதம், குறில் நெடில், சொல்லழுத்தம் ஆகியவற்றில் அவர்கள் காது எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஆணும் பெண்ணுமாகப் பல குரல்களில் சொல் இணைகளைப் பதிவு செய்து, சில வாரங்கள் கேட்கவையுங்கள். வேண்டிய கருவி ஒரு கைப்பேசியும் ஒரு காதொலிப்பானும்தான். முன்வருபவர்களுக்கு வழிகாட்ட நான் அணியமாக இருக்கிறேன்.